செல்வதாஸ் விழுந்த விதம்

செல்வதாஸ் விழுந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சபையின் வாலிபர் கூட்டம் மொத்தமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், ஆலய முகப்பில் பெரிய நட்சத்திரத்தைத் தூக்கிக் கட்டுகிற வேலை. ஏணியில் அவர் நின்ற உயரம் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு ஏணியில் அவருடைய மனைவி ரெஜிலாவின் தம்பி எட்சன் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். செல்வதாஸின் ஏணி ஒருபக்கமாகச் சறுக்கியது. கண்மூடித் திறப்பதற்குள் அவர் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் ஓர் எலும்பு நசுங்கிவிட்டது.

எப்படி விழுந்தார் என்பதில்தான் குழப்பம். அந்தக் குழப்பம் முதலில் ஊருக்கு வந்தது, பிறகு வீட்டுக்கு வந்தது, கடைசியில் விழுந்தவருக்கே வந்து சேர்ந்தது.

ஊர் முதலில் சிரிக்கத்தான் செய்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அவருக்கு ஊரில் பெயரே சர்க்கஸ் தாஸ். கூடார உச்சியில் ஓர் ஊஞ்சலை விட்டு இன்னொரு ஊஞ்சலுக்குப் பறந்தவர். வலையில் எத்தனை தடவை விழுந்திருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அப்படி விழுந்தும் பெரிய எலும்பு எதுவும் முறிந்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஆள் பல்பு மாட்டுகிற ஏணியிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டால் டீக்கடைக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சு வேண்டாமா.

பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற வருடம் அவர் சர்க்கஸில் சேர்ந்தார். மார்த்தாண்டத்தில் கூடாரம் போட்டிருந்த மலையாளக் கம்பெனி ஒன்றுக்குக் கம்பம் நடவும் கயிறு இழுக்கவும் ஆள் தேவைப்பட்டது. இந்தப் பயலுக்கு உடம்பு நன்றாக வளைகிறது, பயமும் குறைவு என்று கண்டுகொண்டு மேலே ஏற்றினார்கள். ஏறியவுடன் பறக்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். அவர்களோ மாதக்கணக்காக விழச் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் ஏறி விழு. கஞ்சி குடித்தாயா, சரி, ஏறி விழு. இப்படியே போயிற்று.

வலைதான் இருக்கிறதே, எப்படி விழுந்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். ஆனால் வலையும் ஆளை முறிக்கும். காலை ஊன்றி விழுந்தால் வலை திருப்பி உதைக்கிற உதையில் முட்டு வந்து முகத்தில் இடிக்கும். வயிறு படும்படி விழுந்தால் முதுகு போகக்கூடாத பக்கமாக மடங்கும். கையை ஊன்றினால் மணிக்கட்டு வலைக் கண்ணிக்குள் மாட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் மேலே போகும். மனித உடம்பில் அகலமான இடம் முதுகு ஒன்றுதான். தோளிலிருந்து பிட்டம்வரை ஒரே நேரத்தில் பட்டால் அடி ஓரிடத்தில் குத்தாமல் பரவிப்போகும். ஆகவே பிடி தப்பிவிட்டால், விழுகிற வழியிலேயே புரண்டு மல்லாந்துகொள்ள வேண்டும், கைகளை உடம்போடு இழுத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, எதையும் எட்டிப் பிடிக்கக்கூடாது.

பிடிக்கக்கூடாது என்றால் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். விழுகிறவன் பிடிக்காமல் இருப்பானா என்பார்கள். ஆடுகிற ஊஞ்சல் அடிமட்டத்துக்கு வரும்போது அதில் தொங்குகிறவன் தன் எடையைப் போல மூன்று மடங்கு கனப்பான். அவ்வளவும் தோளில்தான் தொங்கும். அதற்காவது தோள் தயாராக இருக்கும். அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கிறவன் ஒற்றைக் கையால் ஒரு கயிற்றை எட்டிப் பிடித்தால் தோள் எதற்கும் தயாராக இருக்காது. கூடப் பறந்த ஒருவன் ஒருநாள் அப்படிப் பிடித்தான். தோள் குழியைவிட்டுக் கழன்றது. பொருத்திவிட்டார்கள், மறுபடி கழன்றது. பிறகு சட்டை மாட்டும்போதுகூடக் கழன்றது. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவதைப் பார்த்தபிறகு செல்வதாஸ் விழும்போது எதையும் பிடித்ததில்லை.

இடையில் கல்யாணம் ஆயிற்று. ரெஜிலா தக்கலைப் பக்கத்துப் பெண். வருடத்தில் ஒரு மாதம் அவர் வீட்டில் இருப்பார், மீதி மாதங்களுக்கு அவள் அவரை நினைத்துக்கொண்டு இருப்பாள். ஒரே ஒரு தடவை நாகர்கோவிலில் ஆட்டம் பார்க்க வந்தாள். அவர் பறந்த நேரம் முழுக்கத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஒரு மகள், இப்போது பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். கொரோனா வந்து கூடாரத்தைச் சுருட்டியபோது செல்வதாஸும் வீடு வந்து சேர்ந்தார். எட்சன் லைட்டும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிறவன். ஏறத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று அத்தானைச் சேர்த்துக்கொண்டான்.

இனி விழுந்த கதைக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டருக்கு முதல் ஆச்சரியம். ஏணியிலிருந்து விழுகிறவர்கள் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் குதிகால் உடைந்து வருவார்கள். இவருடைய கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லையே என்று கேட்டார். செல்வதாஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இடுப்பைச் சுற்றி இறுக்கமான பட்டை போட்டு, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் நடந்ததெல்லாம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்த நாளில் குளியலறைக்குப் போனார். உள்ளே தாழ்ப்பாளைக் காணவில்லை. வலி மாத்திரைகள் அட்டையோடு இருந்த இடத்தில் இல்லை. ரெஜிலா வேளைக்கு ஒன்றாகக் கொண்டுவந்து, அவர் விழுங்குகிறவரை நின்றாள். அவள் கடைக்குப் போனால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்தார்கள், பேச ஒன்றுமில்லாவிட்டாலும் உட்கார்ந்தார்கள். போதகர் வந்தார். முதுகுக்காக ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டு மனச்சோர்வுக்காக நெடுநேரம் ஜெபித்தார். பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டு, அப்பா எதுவானாலும் மனசுவிட்டுப் பேசணும் என்றாள். முதுகு உடைந்தவனிடம் எல்லோரும் ஏன் மனதைப் பற்றியே கேட்கிறார்கள்?

யோசித்து யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தனக்கு ஏதோ பெரிய வியாதி, படத்தில் தெரிந்திருக்கிறது, இவர்கள் மறைக்கிறார்கள். மறுபடி பரிசோதனைக்குப் போனபோது ரெஜிலா சீட்டு வாங்கப் போன நேரம் பார்த்து டாக்டரிடம், எனக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டேவிட்டார். டாக்டர் விழித்தார். எலும்பு நன்றாகக் கூடுகிறது, பிசியோதெரபிக்கு வரலாம், வேறு என்ன வேண்டும் என்றார். செல்வதாஸ் சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் குழப்பம் இன்னும் கூடியது.

எட்சன் அதுவரை வீட்டுப்பக்கம் தலைகாட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வந்தான். ரெஜிலா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டான். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"அத்தான், நான் கை நீட்டுனேன்லா?"

"நீட்டுன."

"நீங்க பாத்திய. என் மொகத்தையும் பாத்திய. எட்டிப் பிடிச்சா கிட்டியிருக்கும். பின்ன என்னத்துக்குக் கைய இழுத்திய?"

எட்சன் பதிலுக்குக் காத்திராமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனான். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்களாம். அவர் கத்தவில்லை, எதையும் பிடிக்கவில்லை, கையை மார்போடு சேர்த்துக்கொண்டு மல்லாக்கப் படுக்கிற மாதிரி போனாராம். மனுசன் வேண்டும் என்றேதான் விழுந்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சாம். அக்காவின் காதுக்கும் வந்துவிட்டதாம்.

அப்போதுதான் தாழ்ப்பாளும் மாத்திரையும் போதகரின் ஜெபமும் அவருக்கு விளங்கின. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் விழுந்ததற்கு முந்தின நாள் வீட்டில் ஒரு சண்டை நடந்திருந்தது. பழைய கம்பெனி மறுபடி கூடாரம் போடுகிறது, பறக்க வேண்டாம், வலை கட்டவும் கயிறு பார்க்கவும் வந்தால் போதும் என்று போன் வந்திருந்தது. போகிறேன் என்றார் செல்வதாஸ். கூடாது என்றாள் ரெஜிலா. பேச்சு முற்றிப்போய், "அந்த வலையிலயே விழுந்து செத்திருந்தியன்னா, நான் ஒரேயடியா அழுதுட்டு நிம்மதியா இருந்திருப்பேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாள் காலை அவர் சாயா குடிக்காமலே ஆலயத்துக்குப் போனார்.

ஆக, இத்தனை நாளும் அவள் காவல் காத்தது அவரை மட்டும் அல்ல, தன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையையும்தான். அதுதான் அவரைத் தள்ளியதா என்று கேட்க அவளுக்குப் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பாவம், வேளைக்கு ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அன்றே அவளைக் கூப்பிட்டு விளக்கினார். வலை, முதுகு, தோள், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனவன், எல்லாவற்றையும் சொன்னார். நான் இழுக்கவில்லை, உடம்பு இழுத்தது, சர்க்கஸ்காரன் எவன் விழுந்தாலும் இப்படித்தான் விழுவான் என்றார். ரெஜிலா கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். கடைசியில் சரி என்றாள். நம்பிய ஆள் சொல்கிற சரி அல்ல அது. வலை இல்லாத இடம் என்று கண்ணுக்குத் தெரியாதா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

அதைவிட மோசம், அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. படுத்துக்கொண்டு அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்த பையனை வேண்டாம் என்று அனுப்பியது அவர்தான். ஏன் அனுப்பினார்? வழக்கமாக அனுப்புவாரா? ஏறும்போது, என்ன ஆனால் என்ன என்கிற மாதிரி ஓர் எண்ணம் இருந்ததும் உண்மை. சண்டைபோட்ட மறுநாள் எல்லா ஆண்களுக்கும் இருக்கிற எண்ணம்தான் அது. ஆனாலும் இருந்தது. எட்சனின் கை வந்ததும் தெரிந்தது. பிடித்தால் அவனையும் இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று நினைத்தாரா? அதற்கெல்லாம் நேரம் ஏது? உடம்பு செய்தது என்று சொல்லலாம். அந்த உடம்புக்குள் அந்தச் சமயம் இருந்தது யார்?

பிசியோதெரபி அறையில் அஜிஷா என்றொரு இளம்பெண் அவருக்குப் பயிற்சி கொடுத்தாள். குளச்சல்காரி, சுறுசுறுப்பு. அவரிடம் சர்க்கஸ் கதை கேட்பதில் அவளுக்கு அலாதி ஆசை. தோள் இரண்டும் குழிக்குள் தளர்ந்து ஆடுவதைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு நாளும் இதில்தானா தொங்கினீர்கள் என்று வியந்தாள். அவர் தன் குழப்பத்தை அவளிடம் சொன்னார். நடக்கக்கூடியதுதான் அங்கிள் என்றாள். ஆயிரம் தடவை பழக்கினால் மூளையைக் கேட்காமலே உடம்பு அதைச் செய்யும், வலைக்குப் படித்த பாடத்தைத் தரையிலும் ஒப்பித்துவிடும், மற்றவனுக்குக் கை முறிகிற இடத்தில் சர்க்கஸ்காரனுக்கு முதுகு முறியும் என்றாள். அடுத்த வாரம் நிலைதடுமாற்றப் பரிசோதனை இருக்கிறது, எதிர்பாராமல் லேசாகத் தள்ளிப் பார்ப்போம் என்றும் சொன்னாள்.

செல்வதாஸுக்கு வழி கிடைத்துவிட்டது. வாயால் சொன்னால் நம்பாதவள் கண்ணால் பார்த்தால் நம்புவாள் அல்லவா? அந்த நாளில் ரெஜிலாவை வெளியே பெஞ்சில் உட்கார விடாமல் உள்ளே கூட்டிவந்தார். இங்கே நின்று பார், என் கையை மட்டும் பார் என்றார். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். கீழே மெத்தை விரித்திருந்தது, இருபுறமும் கம்பி இருந்தது. அஜிஷா அவர் மகளைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே பின்னால் போய், பட்டையைப் பிடித்துச் சட்டென்று இழுத்தாள்.

கை மார்புக்குப் போகவில்லை. உடம்பு மல்லாக்கச் சாயவும் இல்லை. செல்வதாஸ் பயந்துபோன கிழவனைப் போல ஒரு காலைப் பின்னால் வைத்தார். ஒரு கை கம்பியைப் பற்றியது, மறு கை அஜிஷாவின் முழங்கையைப் பற்றியது. விடவே மாட்டேன் என்கிற பிடி. ரொம்ப நல்லது அங்கிள், இதுதான் வேண்டியது என்று அந்தப் பெண் கைதட்டினாள். பிறகுதான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். கால் தரையில் இருக்கும்போது உடம்புக்கு வேறு புத்தி, காற்றில் இருக்கும்போது வேறு புத்தி, ஆன்ட்டி இதைவைத்து ஒன்றும் முடிவுகட்டக் கூடாது என்று அவசரமாகச் சொன்னாள். சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ரெஜிலா பார்த்தது அந்தக் கையை. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கத் தெரிந்த கை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மேம்பாலத்துக்கு அடியில் நெரிசலில் ஆட்டோ நின்றபோது அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், அவள் வெளியே கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டிருந்தாள். தான் செய்த மடத்தனத்தை நினைத்து அவருக்கு அழுகை வந்தது. தேவையில்லாத சாட்சியைக் கூண்டில் ஏற்றினார், அது எதிர்த்தரப்புக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் அவரைக் கட்டிலில் உட்காரவைத்துப் பட்டையைக் கழற்றினாள். கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன். உள்ளதச் சொல்லணும்."

"கேளு."

"விழும்போ என்னை நெனச்சியளா? பிள்ளைய நெனச்சியளா?"

நெனச்சேன் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணம் கட்டியவனுக்கு அது தெரியாதா? ஆனால் அவர் அலுத்துப்போயிருந்தார். எது சொன்னால் எப்படி ஆகும் என்று கணக்குப்போடத் தெம்பு இல்லை.

"இல்ல. ரெண்டு பேரையும் நெனைக்கல்ல" என்றார். "எட்சனுக்க கையப் பத்திக் கேட்டாலும் எனக்குத் தெரியல்ல ரெஜிலா. நான் இழுத்தேனா, தானா போச்சா, சத்தியமாத் தெரியல்ல."

"பின்ன என்னத்தத்தான் நெனச்சிய?"

"தாடைய."

"என்னது?"

"தாடை நெஞ்சுல ஒட்டி இருக்கணும். இல்லேன்னா தல பொறத்தால போயி அடிச்சி மண்ட ஒடஞ்சிரும். தாடைய ஒட்டு, தாடைய ஒட்டுன்னு நெனச்சேன். அது மட்டும் நல்ல ஓர்மை இருக்கு."

ரெஜிலா கிட்டே வந்து, அவர் தலையைக் குனியவைத்து, பின்மண்டை முழுக்க விரல்விட்டுத் தடவிப் பார்த்தாள். முடியை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் மல்லாக்க விழுந்த மனிதனின் தலையில் ஒரு வடுகூட இல்லை. அவள் விரல் அங்கேயே நின்றது.

"சாவப் போறவனுக்குத் தல எதுக்கு?" என்றாள். அவரிடம் கேட்கவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

செல்வதாஸ் நிமிர்ந்தார். அவருக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள் முதுகில் பட்டுவிடாதபடி தோளில் ஓர் அடி விழுந்தது. கட்டிவந்து இத்தனை வருசமாகக் காத்துக் கிடந்தவளை நினைக்க நேரமில்லை, பெற்ற பிள்ளையை நினைக்க நேரமில்லை, தாடையை நினைக்க மட்டும் நேரம் இருந்ததோ என்று தொடங்கினாள். சாயா குடிக்காமல் போனது, ஏணி பிடிக்க வந்த பையனை அனுப்பியது, அவரைப் பெற்றவர்கள், அவரைப் பறக்கவிட்ட கம்பெனி, ஒன்றையும் அவள் பாக்கி வைக்கவில்லை. கண்ணீர் வழிய வழிய, மூக்கைத் துடைத்துத் துடைத்து ஏசினாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

விழுந்த நாளிலிருந்து இன்றுவரை அவள் ஒரு தடவைகூட அவரை ஏசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.